இலை உறிஞ்சும் மெசின்

வன்னிக்குள் பற்றரி வரத் தடை. சீமெந்து வரத் தடை. பெற்றோல் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. ஆனால் கல்லின் மேல் கிடக்கிற இலையை உறிஞ்சி எடுக்கிற மெசினுக்கு மட்டும் ஒரு தடையும் இருக்கவில்லை. அப்படியொரு சாமான் உலகத்தில் இருக்கிறதென்று தெரிந்தால்தானே தடை போடுவார்கள்! வவுனியாச் சோதனைச் சாவடியில் அதை லொறியிலிருந்து இறக்கி, குழாயைக் கழற்றி, பைக்குள் கையை விட்டுத் துழாவி, மூன்று ஆமிக்காரர் மாறி மாறிப் பார்த்தார்கள். இது என்ன என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், இலை பொறுக்குகிற மெசின் என்றேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் பகிடி விடுகிறேன் என்று மறித்து வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி, சண்டை நடந்த காலம் அது. எனக்கு இருபத்தைந்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, கிளாலிக் கடலால் வந்து, முள்ளியவளையில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். மொழிபெயர்ப்பாளர் என்பது பெயருக்குத்தான். லொறி வந்தால் சாமான் இறக்குவதும் நான், காலையில் ஜெனரேற்றரை இழுத்துப் போடுவதும் நான். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர். அது பொய்யில்லை.

எங்கள் பொறுப்பாளர் ஒரு வெள்ளைக்காரர். கதவுநிலையில் தலை முட்டுகிற உயரம். அவரை நாங்கள் துரை என்போம். அப்படிச் சொல்லவேண்டாமென்று அவர் கெஞ்சிப் பார்த்தார், நாங்கள் விடவில்லை. ஒருநாள் ஒட்டுசுட்டான் பக்கம் போய்வரும்போது, வற்றிக்கிடந்த ஆற்றுப்படுக்கையில் வெள்ளைவெளேரென்ற கூழாங்கற்களைக் கண்டார். அவருடைய ஊரில் வீட்டு வாசலில் இப்படிக் கல்லைப் பரப்பி வைப்பார்களாம், மழைக்குச் சேறு இல்லை, பார்க்கவும் வடிவு என்றார். ஒரு உழவு இயந்திரப் பெட்டி நிறையக் கல் கொண்டுவந்து அலுவலக வாசலில் பரப்பச் சொல்லிவிட்டு விடுமுறையில் கொழும்புக்குப் போய்விட்டார். அவருடன் வவுனியா வரைக்கும் நானும் போயிருந்தேன்.

நான்காம் நாள் திரும்பி வந்தால், வாசல் சுத்தமாகக் கூட்டி, விளக்குமாற்றின் கோடு கோடாக, மருந்துக்கும் ஒரு கல் இல்லாமல் கிடக்கிறது. கல் எல்லாம் கிணற்றடிக்குப் பின்னால் குவியலாக இருந்தது. குவியலுக்குப் பக்கத்தில் அக்கா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, கெட்டித்தனமாக ஒரு வேலை முடித்த முகத்துடன் நின்றார்.

அக்கா என்பது எங்கள் வளவு கூட்டுகிற அக்கா. முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர், மாதா கோயில் வேதக்காரர், கடற்றொழில் செய்த குடும்பம். தொழிலுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. இரண்டு பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரையை விட்டு வந்து, வயலோரம் ஒரு கொட்டிலில் இருந்தார். எங்கள் அலுவலகத்தில் கூட்டுகிற வேலைதான் அந்தக் கொட்டிலில் அடுப்பு எரிய வைத்தது. வேறு வழி ஒன்றும் அவருக்கு இருக்கவில்லை. இது எல்லோருக்கும் தெரியும்.

"பாரும் தம்பி," என்றார். "ஆரோ கட்டட வேலைக்காரர் கல்லுமண்ணெல்லாம் வாசல்ல கொட்டிப்போட்டுப் போயிட்டினம். மூண்டு நாளா ஒருத்தியா நிண்டு அள்ளினனான். இடுப்பு முறிஞ்சு போச்சு."

"ஐயோ அக்கா! அது வடிவுக்குப் போட்ட கல்லு!"

"வடிவுக்கோ? கல்லோ?"

"ஓம். துரை ஆசைப்பட்டுப் போடுவிச்சது."

"உமக்கென்ன விசரே? வாசல்ல கல்லும் குப்பையுமாக் கிடந்தா அது ஆளில்லாத வீடெல்லே? விடிய எழும்பிக் கூட்டித் தண்ணி தெளிக்கிற இடத்தில ஆரும் கல்லைக் கொட்டுவினமே?"

நான் கத்தினேன், அவர் என்னைவிடப் பலமாகக் கத்தினார். கடற்கரையில் அலைச் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல் அது, எனக்கு எங்கே வெல்ல வரும்! கடைசியில் இரண்டு பேருமாகச் சேர்ந்து கல்லைத் திரும்ப அள்ளிப் பரப்பினோம். பரப்பி முடிகிற வரைக்கும் அவர் மாதாவைக் கூப்பிட்டு நியாயம் கேட்டுக்கொண்டே இருந்தார். துரை வந்ததும் நான் இதைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு அதோடு முடிந்தது. வாசலுக்கு மேல் ஒரு பெரிய புளியமரம் நின்றது. புளியிலை எவ்வளவு சின்னது என்று சொல்லத் தேவையில்லை. மண் முற்றமென்றால் விளக்குமாற்றால் நாலு இழுவை, முடிந்தது. கல்லின் மேல் கூட்டினால் கல்லும் சேர்ந்து வருகிறது, இலை கல்லுக்கிடையில் இன்னும் ஆழமாக இறங்குகிறது. அக்கா விளக்குமாற்றைச் சாத்திவிட்டுக் குந்தி இருந்து கையால் பொறுக்கத் தொடங்கினார். விடியக் குந்தினால் எழும்ப மத்தியானம் ஆகும். எழும்பும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "கோதாரியில போன கல்லு," என்பார். ஒரு காற்று அடித்தால் வாசல் திரும்பவும் பழையபடி.

துரை ஜன்னலுக்குள்ளால் இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனம் கேட்காது அவருக்கு. ஒருநாள் வந்து அக்காவுக்குப் பக்கத்தில் தானும் குந்தி இலை பொறுக்கத் தொடங்கினார். அக்கா துள்ளி எழும்பிவிட்டார்.

"தம்பி, துரையை எழும்பச் சொல்லும். எனக்கு அந்தரமாக் கிடக்கு. ஆரும் பாத்தா என்ன நினைப்பினம்?"

அடுத்த விடுமுறையில் அவர் தன் கைக்காசில் அந்த மெசினை வாங்கினார்; வவுனியாவிலிருந்து லொறியில் கொண்டுவந்தவன் நான். அக்காவின் முழங்காலுக்காகத்தான் வாங்கினார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பிறகு நடந்ததை வைத்து அந்த மனுசனை ஆரும் பிழையாக நினைக்கக்கூடாது.

ஜெனரேற்றர் காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணித்தியாலம் ஓடும். அந்த நேரத்தில்தான் மெசினும் ஓடவேண்டும். முதல்நாள் வயரை இழுத்து, பையைக் கொழுவி, பெரிய விமானி மாதிரி நின்று சுவிச்சைத் தட்டினேன். ஊ என்று கீழே தொடங்கிய சத்தம் ஏறி ஏறி ஒரே வீரிடலாகப் போனது. இலை பறந்து பறந்து குழாய்க்குள் போகிறது! எனக்குப் புழுகம் தாங்கவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்க்கிறேன், அக்கா இல்லை. துரையைப் பார்க்கிறேன், அவரையும் காணவில்லை. மெசினை நிறுத்தினால் பக்கத்து வளவு முன்பள்ளிப் பிள்ளைகள் பங்கர்க் குழிக்குள் இருந்து குழறுகிற சத்தம் கேட்கிறது. ஒழுங்கையில் சைக்கிள்கள் விழுந்த இடத்தில் சில்லுச் சுற்றிக்கொண்டு கிடக்கின்றன. குண்டு போட வருகிற பொம்பர் தாழப் பதிகிறது என்று ஒழுங்கை முழுக்கப் பங்கருக்குள் இறங்கிவிட்டது.

முன்பள்ளி ரீச்சர் தலைமயிரெல்லாம் மண்ணாக எங்கள் வாசல் படலைக்கு வந்தார். அவர் பேசிய பேச்சை நான் துரைக்கு மொழிபெயர்க்கவில்லை. "கொஞ்சம் சத்தமாக இருக்கிறதாம்" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு வந்தது. மெசின் போடுவதற்கு முன் அக்கா ஒழுங்கையின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை நடந்து, "மெசின் போடப்போறம், பயப்பிடாதேங்கோ! பிளேன் இல்லை, மெசின்!" என்று கூவிவிட்டு வருவார். பத்து மணிக்கு அக்காவின் குரல் கேட்டால் சனம் சிரிக்கும். "என்ன அக்கா, இலை பொறுக்கப் பறக்கிறியளோ?" என்று பகிடி விடும். அவர் வந்து கையைக் காட்டியதும் நான் சுவிச்சைத் தட்டுவேன். குழாயை ஒரு சாண் உயரத்தில் பிடிக்கவேண்டும். பதித்தால் கல்லும் ஏறிப் பைக்குள் கடகடவென்று அடிக்கும். உயர்த்தினால் இலை அசையாது. அந்த உயரம் கைக்குப் பிடிபட எனக்கு ஒரு கிழமை சென்றது. அரை மணித்தியாலத்தில் வாசல் பளிச்சென்று ஆகிவிடும். அக்கா பையை வாங்கிக் குப்பைக் கிடங்கில் கொட்டுவார். ஒரு மாதத்தில் ஒழுங்கைக்கு அந்தச் சத்தம் பழகிப்போனது. ஒருவரும் தலை நிமிர்த்தவில்லை.

துரை சந்தோசத்தில் மாத அறிக்கையில் இதையும் எழுதிவிட்டார். மெசினால் வேலை அரை மணித்தியாலத்தில் முடிகிறது என்று எழுதினார். அடுத்த லொறியில் கொழும்புத் தலைமையகத்தின் பதில் வந்தது. அப்படியானால் வளவு கூட்டுவதற்கு ஆள் தேவையில்லை, இந்த மாத முடிவுடன் வேலையிலிருந்து நிறுத்தவும்.

கடிதத்தை வாசித்துவிட்டு அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். தான் மறுத்து எழுதுவதாகவும், ஆனால் கேட்பார்கள் என்று நம்பிக்கையில்லை என்றும் சொன்னார். அந்த அம்மாவுக்கு இப்போதே தெரியவேண்டும், வேறு ஏதும் வழி தேட நாள் வேண்டும், தான் சொல்லி நீ மொழிபெயர்த்தால் இரண்டு தரம் அடித்தமாதிரி இருக்கும், நீயே உன் பாஷையில் பக்குவமாகச் சொல்லு என்றார்.

பக்குவமாம்! நிறுத்துகிற கதையை எந்தப் பாஷையில் பக்குவமாகச் சொல்வது? எனக்குத் துரை மேல் கோபம், கொழும்பு மேல் கோபம், மெசின் மேல் கோபம். முதல் நாள் சொல்லப் போனேன். அக்கா மூத்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கத் துணி கிடைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லுவம் என்று வந்துவிட்டேன். அடுத்தநாள் அவருக்கு உடம்பு காய்ச்சலாக இருந்தது. அதற்கடுத்த நாள் வெள்ளிக்கிழமை, வெள்ளியும் அதுவுமாகக் கூடாத கதை சொல்வதா என்று விட்டேன். இப்படி ஒரு கிழமை போனது. துரை பார்வையாலே கேட்பார், நான் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். அந்தக் கிழமை முழுவதும் நான் அக்காவிடம் தேனாக நடந்துகொண்டேன். காலைத் தேத்தண்ணியோடு வருகிற என் பங்குப் பணிசை அவரிடம் கொடுத்தேன். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடியுங்கோ என்றேன்.

எட்டாம் நாள். அக்கா ஒழுங்கையில் கூவிவிட்டு வந்து கையைக் காட்டினார். நான் மெசினைப் போட்டேன். பை பாதி நிறைந்திருக்கும். அக்கா கடைக்குப் போய்வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டுப் படலையால் வெளியில் போனது தெரியும். மாத முடிவுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே குழாயை ஆட்டிக்கொண்டிருந்தேன். வன்னியில் இருந்த நாங்கள் ஒரு காதை எப்போதும் வானத்துக்கென்று விட்டு வைத்திருப்போம். ரேடியோவைக்கூடச் சத்தமாக வைக்கமாட்டோம். நானோ தினம் அரை மணித்தியாலம் இரண்டு காதையும் மெசினுக்குக் கொடுத்துவிட்டு நின்றேன். அதுபற்றி ஒரு நாளாவது யோசித்தவனில்லை.

அக்கா படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்ததைக் கண்டேன். வாய் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. என்னிடம் வரவில்லை அவர். நேரே ஜெனரேற்றர்க் கொட்டிலுக்கு ஓடி, வயரைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தார். பிளக் கழன்று தெறித்தது. என் கையில் மெசின் செத்துப்போனது.

மெசின் நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை.

அது மேலே இருந்து வந்தது. கடையடியில் நின்ற அக்காவுக்கு அது முன்பே கேட்டிருக்கிறது, ஒழுங்கை முழுவதுக்கும் அப்போதுதான் கேட்டது. அதுவரைக்கும் எல்லோரும் அதை எங்கள் மெசின் என்று நினைத்துக்கொண்டு, மா இடித்தபடி, சைக்கிளுக்குக் காற்று அடித்தபடி இருந்திருக்கிறார்கள். முன்பள்ளியில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. பாட்டு அறுந்தது. "பொம்பர்! பொம்பர்! பிள்ளையளை இறக்குங்கோ!" என்று அக்கா வேலிக்கு மேலால் குழறினார். பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பங்கருக்குள் இறங்குகிற மட்டும் அவர் வேலியை விட்டு அசையவில்லை. பிறகுதான் என் சேர்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் பங்கருக்குள் விழுந்தார். துரை எங்களுக்கு முன்னமே உள்ளே இருந்தார்.

மூன்று தரம் நிலம் குலுங்கியது. மண் சொரிந்தது. வயல்வெளிக்கு அங்கால் எங்கோ விழுந்திருக்கிறது என்று சத்தத்தைக் கொண்டு அக்கா சொன்னார். எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். "என்னைக் காப்பாத்த ஓடி வந்தனீங்களே அக்கா," என்றேன்.

"உம்மையோ? அந்தக் கோதாரி மெசினை நிப்பாட்டத்தான் வந்தனான். சனத்துக்குப் பிளேன் கேக்கவேணுமெல்லே." மூச்சு வாங்கிக்கொண்டு சேலைத் தலைப்பால் முகத்து மண்ணைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார். "எப்ப தம்பி சொல்லப்போறீர்?"

"எதை?"

"என்னை நிப்பாட்டுற கதையை."

ஆர் சொன்னது என்று கேட்டேன்.

"ஆரும் சொல்லேல்லை. ஒரு கிழமையா நீர் என்னோட சண்டை பிடிக்கேல்லை. பணிஸ் தாறீர், கதிரையில இருக்கச் சொல்லுறீர். நான் என்ன, செத்தவீட்டுக்கே வந்தனான்? அதோட, மெசினே எல்லாம் செய்யுதெண்டா எனக்கு இஞ்ச என்ன வேலை? எனக்கு விளங்காதே?"

"ஓம் அக்கா," என்றேன். "இந்த மாசத்தோட நிப்பாட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு."

"சரி," என்றார். "இதைச் சொல்ல உமக்குப் பிளேன் வரவேண்டிக் கிடந்தது."

துரை எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர், அக்கா என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேருடைய பேச்சை நான் மெத்தெனத் தடவித் துரைக்குக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குத் தடவவில்லை. சொல்லுக்குச் சொல் அப்படியே சொன்னேன், மெசினை நிறுத்தத்தான் வந்தேன் என்றதையும் சேர்த்து. துரை முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அக்காவுக்கு அவர் மேல் இரக்கம் வந்துவிட்டது. "துரையை யோசிக்கவேண்டாமெண்டு சொல்லும் தம்பி. அவர் நல்லதுக்குத்தானே வாங்கினவர்," என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்கும்போது என் குரல் உடைந்தது. எனக்கு அழுகை வந்ததை ஒளிக்க அந்தப் பங்கருக்குள் இடமில்லை.

அன்றைக்கே மெசின் களஞ்சியத்துக்குள் போய்ப் பூட்டுப்பட்டது. அன்று பின்னேரம் துரை கொழும்புக்கு எழுதினார். காது கேட்காமல் செய்கிற ஒரு சாமானையும் இந்த இடத்தில் ஓடவிடமுடியாது, வளவு வேலைக்கு ஆள் வேண்டும், இல்லையென்றால் தானும் இருக்கமாட்டேன் என்று எழுதினார். கடைசி வசனம் வேண்டுமா என்று என்னைக் கேட்டார். வேண்டும் என்றேன்.

பதில் வரப் பத்து நாள் சென்றது. அந்தப் பத்து நாளும் அக்கா வழமைபோல வந்தார், குந்தினார், பொறுக்கினார், கல்லைத் திட்டினார். நாங்கள் திரும்பவும் சண்டை பிடித்தோம். அவர் சண்டைக்கு ஆசைப்பட்டமாதிரி எனக்குப் பட்டது. மாத முடிவுக்கு மூன்று நாள் இருக்க லொறி வந்தது. துரை கடிதத்தை உடைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். ஒரு வரிதான் இருந்தது. முந்திய கட்டளை ரத்து.

இந்தத் தடவை பக்குவம் பார்க்கவில்லை நான். கிணற்றடிக்கு ஓடினேன். அக்கா வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்களை நிப்பாட்டேல்லை! கடிதம் வந்திட்டுது!"

அவர் வாளியை வைத்தார். கிணற்றுக்கட்டில் மெதுவாக இருந்தார். ஆண்டவரே என்று ஒரு சொல், அவ்வளவுதான். பிறகு வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். அன்றைக்குப் பங்கருக்குள் கண் கலங்காத மனுசி தோள் குலுங்கக் குலுங்க அழுதார். இனி ஏன் அக்கா அழுகிறியள், எல்லாம் சரிவந்திட்டுதெல்லே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

"உமக்குத் தெரியாது தம்பி," என்றார். "நீர் பணிஸ் தந்த முதல்நாளே எனக்கு விளங்கிப்போச்சு. அண்டையில இருந்து பிள்ளையளுக்கு ஒரு நேரச் சாப்பாட்டைக் குறைச்சுப்போட்டன். மாசம் முடிய முந்திப் பசி பழகிப்போச்செண்டா பேந்து அதுகளுக்குக் கஷ்டம் தெரியாதெண்டு நினைச்சனான். சின்னவள் ராவில வயித்தைப் பிடிச்சுக்கொண்டு படுப்பாள். கேட்டா, பசிக்கேல்லை அம்மா எண்டுவாள்."

முகத்தைக் கழுவினார். சேலையை உதறி இடுப்பில் செருகினார்.

"துரையிட்டக் கேட்டுச் சொல்லும்," என்றார். "இண்டைக்கு மட்டும் நான் கொஞ்சம் வெள்ளெனப் போகட்டோ எண்டு. பள்ளிக்கூடம் விட்டு வாறதுக்குள்ள சோறு காய்ச்சவேணும்."